மூன்றாம் பெஞ்சின் காலித் தராசு

ஜெப நேரத்தில் அவர் கண்ணை மூடியதே கிடையாது. யாராவது கேட்டால், "எல்லாரும் மூடிட்டா, எவன் தொறந்து வச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?" என்பார். ஆண்டவருக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்கலாம். தெரியும்தான். ஆனால் ஆண்டவர் நோட்டுப் போட்டு எழுதி வைக்கமாட்டார். இவர் எழுதி வைப்பார்.

ஆள் முப்பத்தைந்து வருடம் முத்திரை ஆய்வாளர். கடை கடையாக ஏறி, தராசு ஒழுங்காக நிறுக்கிறதா, படிக்கல்லின் அடிக்குழியில் இருக்கும் ஈயத்தை எவனாவது சுரண்டியிருக்கிறானா, எண்ணெய் அளக்கும் குவளையின் வயிற்றை உள்ளே தட்டி வைத்திருக்கிறானா என்று பார்க்கும் வேலை. சரியாக இருந்தால் முத்திரை. இல்லையென்றால் பறிமுதல். அந்த வேலையில் அவர்மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. கடைக்காரர் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கிக் குடித்ததில்லை. அவர் தெருமுனையில் திரும்பினாலே படிக்கல்லுக்கு வியர்க்கும் என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று, சோதனைக்கற்கள் இருந்த வெல்வெட் பெட்டியை அலுவலகம் திரும்ப வாங்கிக்கொண்டது. கண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. அந்த மறதியின் பலனைத்தான் எங்கள் சபை ஒன்பது வருடமாக முழுசாக அனுபவித்தது.

இளவட்டங்கள் அவருக்கு வைத்த பெயர் தெகேல். வேதத்தில் ஒரு ராஜா, ஆலயத்திலிருந்து கொள்ளையடித்த கிண்ணங்களில் ஊற்றிக் குடித்துக் கூத்தடிக்கும்போது, சுவரில் ஒரு கை தோன்றி எழுதுமே, அதில் வரும் வார்த்தை. உன்னை நிறுத்துப் பார்த்தாயிற்று, எடை குறைகிறாய் என்று அர்த்தம். வேறொருவர் என்றால் ரோஷப்பட்டு சபை மாறியிருப்பார். இவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் வலது பக்கம் மூன்றாம் பெஞ்ச். மடியில் நீள நோட்டு. பிரசங்கம் எத்தனை நிமிடம் என்று ஒரு பத்தி. ஜெபம் செய்கிற சாக்கில் ஆண்டவருக்கு அறிவிப்பு வாசித்தவர்கள் யார் யார் என்று ஒரு பத்தி. 'கர்த்தாவே, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்கப்போகிற கூட்டத்தை' என்று ஆரம்பிப்பார்களே, ஏதோ அவருக்கு யாரும் பத்திரிகை வைக்காதது மாதிரி, அவர்கள். பாட்டுகளில் 'நான், என், எனக்கு' எத்தனை தடவை என்று மூன்றாவது பத்தி.

"போன ஞாயிறு மூணு பாட்டு. 'நான்' நாப்பத்தேழு. 'நீர்' பதினொண்ணு. இதுல யாரை யாரு ஆராதிக்கிறா?" என்று ஒருநாள் போதகரிடம் கேட்டார். கேள்வி சரிதான். சரியான கேள்வியைத் தாங்கிக்கொள்ளலாம். அதை அவர் கேட்கும் தோரணையைத்தான் தாங்க முடியாது.

நோட்டோடு நிற்கவில்லை. ஆராதனையைப் பற்றி வேதம் ஆதிமுதல் அந்தம்வரை என்ன சொல்கிறது என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அவருக்கு வேதத்தில் பிடித்த பகுதிகளெல்லாம், கும்பிடப் போன இடத்தில் யாராவது செத்துப்போகிற பகுதிகள். காயீனின் காணிக்கை தள்ளப்பட்டது, அதில் அவன் தம்பி செத்தான்: எட்டுப் பக்கம். ஆரோனின் பிள்ளைகள் இருவர் சொல்லாத நெருப்பைக் கொண்டுபோய் எரிந்துபோனார்கள்: பதினான்கு பக்கம். மாடு இடறியபோது உடன்படிக்கைப் பெட்டி விழுந்துவிடுமே என்று கை நீட்டிய ஊசா அங்கேயே விழுந்தான்: பத்தொன்பது பக்கம், படத்தோடு. பலிபீடத்துக் கல்லில் உளி பட்டால் தீட்டு என்ற இடத்தின் ஓரத்தில், 'கிட்டாருக்கும் பொருந்துமா?' என்று பென்சிலில் ஒரு குறிப்பு.

ஆதியில் ஆராதனைக் கூடாரத்துக்கு முழம் முழமாக அளவு சொன்னவர் கடவுள். ஆகவே கடவுளும் தம்முடைய இலாகாதான் என்பது அவருடைய உள்மனத் தீர்மானம். அந்தக் கூடாரத்துத் திரைக்கு எந்த நிற நூல், எத்தனை கொக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிற்பாடு, சிலுவை மரணத்தின்போது, அப்படிப்பட்ட ஒரு திரை மேலிருந்து கீழாக ஏன் கிழிந்தது என்று கேட்டால் மட்டும், "அது வேற சப்ஜெக்ட்" என்பார்.

அவருடைய வேதப் புத்தகமே சாட்சி. கல்யாணத்துக்கு வந்தது, தாள் ஓரமெல்லாம் தங்கப் பூச்சு. ஆசாரியர்களுக்கான சட்டதிட்டங்கள் வரும் இடத்தில் பூச்சு உதிர்ந்து தாள் பழுப்பேறியிருக்கும். பழைய ஏற்பாட்டின் கடைசியில் வரும் சின்னத் தீர்க்கதரிசிகள், ஆமோஸ், மீகா வகையறா, அச்சகத்திலிருந்து வந்த கோலத்திலேயே ஓரம் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தொரு வருடமாக யாரும் பிரிக்காத கடிதம் மாதிரி.

இனி அவர் மனைவி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர மெஷின்கள், ஆவி கக்கும் இஸ்திரி உருளை, ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. தோள் இரண்டும் மூட்டை தூக்குகிறவர் தோள். குரலும் அதே அளவு. கணீரென்று இருக்கும், ஆனால் தாளத்துக்கு அரை அடி பின்னால் வரும், சுருதி வேலி தாண்டி அங்கங்கே மேய்ந்துவிட்டு வரும். சின்ன வயதிலிருந்தே பாட்டென்றால் அவளுக்கு உயிர். வாயில் பாட்டு இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது என்று அவளுடைய அக்கா சொல்வாள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, இரண்டாம் பாட்டின் நடுவில், இவர் அவள் கைமேல் கை வைத்தார். ஏதோ பிரியத்தில் வைக்கிறார் என்று அவள் திரும்பினாள். "சுருதி விலகுது. ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க" என்றார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறிலிருந்து உதடு மட்டும் அசையும். வேலையில் இருந்த காலத்திலேயே ஞாயிறு நோட்டு உண்டு; அன்று அதில் அவர் எழுதியது ஒரே சொல்: 'முன்னேற்றம்.'

இதுதான் வேடிக்கை. தராசைச் சோதிக்கப் போகிறவன் முதலில் என்ன பார்க்க வேண்டும்? காலித் தட்டு நேராக நிற்கிறதா என்றா? துருப்பிடித்து இறுகிப்போன தராசும் நேராகத்தான் நிற்கும். ஒரு தட்டில் சின்னக் கல்லைப் போட்டு, முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். அப்பேர்ப்பட்டவர் பக்கத்தில் அசையாமல் நின்ற தராசுக்கு இருபத்திரண்டு வருடம் வருஷா வருஷம் முத்திரை குத்தியிருக்கிறார். அவர் பாடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இவர் இப்படி என்றால், எதிர்க்கட்சி ஒன்றும் யோக்கியமில்லை. பாட்டு நடத்துகிறவரின் பட்டப்பெயர் ரிப்பீட்டு. ஒரே அடியைப் பதினாலு தடவை பாடுவார். ஏழாவது தடவைக்குக் கண் மூடும், பத்தாவதுக்குக் குரல் தழுதழுக்கும், பன்னிரண்டாவதுக்குக் கை மேலே போகும். எல்லாம் ஒத்திகை. வேதத்தில் ஒரு மலைமேல் பொய்த் தெய்வத்தின் பூசாரிகள் நானூற்றைம்பது பேர் காலையிலிருந்து ஒரே வரியைக் கத்திக் கத்தி ஆடினார்களே, பதில் வந்ததா என்று தெகேல் அவரிடமே கேட்டிருக்கிறார். "பிரதர், நீங்க ஆவியை அணைக்கிறீங்க" என்றார் ரிப்பீட்டு. "நீ ஆம்ப்ளிஃபயரை அணை, மீதி நான் பாத்துக்கிறேன்" என்றார் இவர். போதகர் இருவருக்கும் நடுவில் நின்று, இருவருக்கும் ஆமென் சொன்னார். அவர் சம்பளமே அதற்குத்தான் போலும்.

ஒருநாள் ஆராதனைக் குழுக் கூட்டத்தில் ரிப்பீட்டு ஒரு புகார் கொண்டுவந்தார். "ஜனங்க சுருதியை இழுக்குறாங்க. மேடையில நாங்க எவ்வளவு பண்ணினாலும், கீழேர்ந்து யாரோ ஒருத்தர் இழுத்துக் கவுக்குறாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள். "யாருன்னு ஆளைச் சொல்லவேண்டாம். எந்தப் பெஞ்ச்னு கண்டுபிடிப்போம்" என்றார் தெகேல். பெஞ்ச் பெஞ்சாக மைக் வைத்துப் பதிவுசெய்வது. குறை கண்ட பெஞ்சில் இருப்பவர்கள் அன்றுமுதல் வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. ஊனமான ஆட்டைப் பீடத்துக்குக் கொண்டுவந்தால் வேதம் ஒத்துக்கொள்கிறதா என்று அதற்கு ஆதாரமும் காட்டினார். போதகர் ஆமென் சொன்னார். சட்டம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்ல சட்டம். பழகிட்டா கஷ்டமே இல்ல" என்றாள்.

அவருக்கு அது புரியவில்லை. பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

மைக்குக்குப் பொறுப்பு செக்செக். வாரத்தில் ஆறு நாள் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. ஏழாவது நாள் ஆலயத்து மைக்கில் "செக், செக்" என்று சொல்லி உலகத்தைத் தொடங்கி வைப்பார். அவரிடம் உபரி மைக் நாலு. பெஞ்ச் இருபத்துநாலு. ஆறு ஞாயிறு ஆயிற்று. கடைசி ஞாயிறு வலது மூன்றாம் பெஞ்ச். அதில் இவரும் மனைவியும் மட்டும்தான். நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார எவனுக்குத் தைரியம்?

திங்கட்கிழமை காலை கடைக்குப் போனார். சுவரெல்லாம் வயிறு கிழிந்த ஸ்பீக்கர்கள், மேசைமேல் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருந்தது.

"வாங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். நீங்க அதையும் எழுதிருவீங்க."

"எங்க பெஞ்ச் மட்டும்தான பாக்கி? போடு."

"இருபத்துமூணு போதாதா சார்? அதை வச்சே ரிப்போர்ட் எழுதிருங்களேன்."

"சோதிக்கிறவன் கல்லையும் சோதிக்கணும் தம்பி. போடு."

செக்செக் பெருமூச்சு விட்டுப் பொத்தானை அமுக்கினார். பெட்டியிலிருந்து ஒரு ஆண் குரல் கிளம்பியது. தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போல. தாளம் சரி, சொல் சரி, சுருதி மட்டும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவாக, கொஞ்சமும் மாறாமல், கீழே. தெகேலின் முகம் மலர்ந்தது.

"பிடிச்சோம்! இவன்தான். யாருப்பா இது? நாலாவது பெஞ்சைத் தூக்கி மூணுல போட்டுட்டியா?"

"மூணுதான் சார்."

"மூணுல நானும் அவளும்தான் உக்காருறோம்."

"ஆமா சார்."

தெகேல் பெட்டியின் ஒயரைத் தொட்டுப் பார்த்தார்.

"மைக் கோளாறு" என்றார்.

"ஸ்பீக்கர் பொய் சொல்லும் சார். மைக் சொல்லாது."

ஆள் கை சுத்தமானவர் என்று முதலிலேயே சொன்னேன். தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். அந்தக் குணம் அப்போது கொஞ்சம் கை கொடுத்தது. "சரி. நான்தான். எழுதிக்கிறேன். அவ குரல் எங்க? அதைக் கூட்டு."

"கூட்ட ஒண்ணும் இல்ல சார்."

"மைக் அவ பக்கம்தான இருந்துச்சு?"

"அம்மாகிட்ட ஒரு சாண் தூரத்துல இருந்துச்சு. இந்தாங்க, காதுல மாட்டிக் கேளுங்க."

மாட்டிக் கேட்டார். தகரக் குரலை செக்செக் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அமுக்கிவிட்டிருந்தார். பாட்டுப் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. ஒவ்வொரு அடி ஆரம்பிக்கும் முன்னும், அரைத் தாளம் தாமதமாக, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போனது. பாடப்போகிறவர் இழுக்கிற மூச்சு. அது சும்மா வெளியே வந்தது. அடுத்த அடிக்கு மறுபடியும் உள்ளே போனது. நாலு சரணமும் அப்படியே.

வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குப் போகும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அன்று பிற்பகல் ஷிப்ட்.

"நீ ஏன் பாடல?"

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

அவர் உட்கார்ந்தார். "எத்தனை ஞாயிறு?"

"என்னைக் கேட்டா? நோட்டு நீங்கதான வச்சிருக்கீங்க. 'முன்னேற்றம்'னு எழுதியிருப்பீங்க பாருங்க, அதுலேர்ந்து எண்ணுங்க."

"ஒரு வார்த்தை சொன்னதுக்கு இருபத்திரண்டு வருஷமா?"

"முத்திரை குத்துறவர் சொன்னா ஒரு வார்த்தை போதாதா?"

தெகேல் வழக்கம்போல வசனத்துக்கு ஓடினார். "நேர்த்தியா வாசிக்கணும்னு சங்கீதத்துல இருக்கு."

"அது வாத்தியம் வாசிக்கிறவனுக்கு. போய் அந்த ரிப்பீட்டுகிட்ட சொல்லுங்க. பூமியில இருக்கிற எல்லாரும் ஆர்ப்பரிச்சுப் பாடுங்கன்னும் இருக்கு. எல்லாரும்னா, எல்லாருக்கும் சுருதி இருக்குமா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்போ இருபத்திரண்டு வருஷம் நீ ஆராதிக்கவே இல்லையா?"

"சர்ச்சுல இல்ல."

"வேற எங்க?"

"மெஷின் ரூம்ல. அஞ்சு மெஷினும் ஒண்ணா சுத்தும்போது என்ன பாடினாலும் யாருக்கும் கேக்காது. நல்லாப் பாடுவேன்." சட்டையை உதறிப் பார்த்தாள். "அதுவும் மாசக் கடைசியோட சரி. ரிட்டையர்மெண்ட். அப்புறம் வீட்டுல பாடலாம்னா நீங்க இருக்கீங்க. சர்ச்சுல பாடலாம்னா அங்கயும் நீங்கதான் இருக்கீங்க."

"நான்தான் சொல்றேனே, பாடு."

"நீங்க சொல்லி நிறுத்தினதுங்க. நீங்க சொன்னதும் ஆரம்பிக்க அது என்ன பம்புசெட்டா?" பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று, அலமாரியில் இருந்த வேதத்தைக் காட்டினாள். "அதை வச்சு நூத்துப் பன்னெண்டு பக்கம் எழுதினீங்களே, வாரா வாரம் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டுறவ நான். ஒட்டிக்கிட்டிருக்கிற பக்கத்தை என்னைக்காவது பிரிச்சுப் பாருங்க."

பிரிக்கவில்லை. முதலில் களஆய்வு. இருபது நிமிடம் கழித்து, அவள் மறந்துபோன கண்ணாடிக் கூட்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போனார். சலவைக்கூடத்துக் கதவில் 'வேலையாட்கள் தவிர வேறு யாரும் வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. இஸ்திரி உருளையில் நிற்கும் பெண் தலையை நீட்டினாள்.

"என்ன சார், ரெய்டா?"

"கண்ணாடிக் கூடு கொடுக்க வந்தேன்."

"அக்கா இப்போ வரமாட்டாங்க. பாட்டு நடக்குது."

கதவு பாதி திறந்திருந்தது. மெஷின்கள் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ஆவிக்கு நடுவில் முதுகு காட்டி நின்று, அவள் கறை படிந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். யார் யாரோ வலியில் புரண்டவை. சிலதில் செத்தும் போயிருப்பார்கள். அவள் தோள்கள் பாட்டுக்கு ஏற்றபடி அசைந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காத பாட்டில் சுருதி அளக்க முடியாது. நீங்கள் உங்கள் உடம்பையே உயிருள்ள பலியாகக் கொடுப்பதுதான் புத்தியுள்ள ஆராதனை என்று அப்போஸ்தலர் ஒருவர் எழுதியிருக்கிறார். தெகேலின் ஆராய்ச்சியில் அதுவும் உண்டு. தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் ஒரு வரி, 'நேரமிருந்தால் விரிவாக்கவும்' என்ற குறிப்போடு.

"பாட்டு நல்லாருக்கா?" என்று இஸ்திரிப் பெண்ணைக் கேட்டார். கெட்ட பழக்கம் சட்டென்று போகாது.

"எங்களுக்கு எங்க சார் கேக்குது? ஆனா அவங்க லீவு போட்டா மெஷின் சத்தம்தான் தாங்க முடியாது."

கண்ணாடிக் கூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் யாருமில்லை. அலமாரியிலிருந்து வேதத்தை எடுத்து, ஒட்டிய தாள்களுக்கு நடுவில் தபால் அட்டை ஒன்றை விட்டு மெல்ல நெம்பினார். ஒவ்வொரு தாளும் பிரியும்போது சிறிசாகச் சத்தம் போட்டது. ஆமோஸ். உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கடவுளே சொல்லும் இடம் வந்ததும் அவருக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பார், மேலிடத்து உத்தரவே இருக்கிறது! பென்சிலை எடுத்துவிட்டார்.

பென்சிலோடு அடுத்த பக்கங்களுக்குப் போனவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே வியாபாரிகள் ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள். முடிந்ததும் மரக்காலைக் குறைத்து, எடைக்கல்லைப் பெருக்கி, கள்ளத்தராசால் ஏழையை நிறுத்து விற்க வேண்டும். அவருடைய இலாகா! படிக்கல், குவளை, தராசு, மூன்றும் அங்கே இருந்தன. அந்த ஆட்கள் ஓய்வுநாள் தவறாதவர்கள். பண்டிகை தவறாதவர்கள். தம்புரு வாசித்துப் புதுப்புதுப் பாட்டுக் கட்டினவர்கள். அவர்களுடைய சுருதியில் குறையென்று தீர்க்கதரிசி எங்கேயும் சொல்லவில்லை. குறை முழுக்கத் தராசில்தான்.

கள்ளத்தராசு வேண்டுமென்றே செய்வது, தெரியாமல் செய்தால் அது பிசகு, என்று யாராவது அவருக்கு வக்காலத்து வாங்கலாம். முப்பத்தைந்து வருடத்தில் பிடிபட்ட கடைக்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம் சொன்னது அதைத்தான். ஒருவரைக்கூட அவர் விட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிறப்புக் கூட்டம். சபையில் பாதி உட்கார்ந்திருந்தது. ஆராதனைக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்திருந்தார்கள். பிறத்தியார் குறையைக் கேட்கிற பாக்கியத்தை யார் விடுவார்கள்? தெகேல் எழுந்து, அலுவலகத்துக் குரலில் வாசித்தார். இடது ஒன்று, திருப்தி. இடது இரண்டு, திருப்தி. ரிப்பீட்டு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார்.

"வலது ஒன்று, திருப்தி. வலது இரண்டு, திருப்தி. வலது மூன்று." கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "வலது மூன்று, குறைவு. தொடர்ந்து. முழுசா."

"யாரு சார் அந்தப் பெஞ்ச்ல?" என்று பின்னாலிருந்து ஒரு வாலிபக் குரல், தெரியாதது மாதிரி.

"நான்."

சிரிப்பு கூரையை முட்டியது. பதினாலு தடவை பாடினாலும் வராத உற்சாகம். அது அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"அதே பெஞ்ச்ல இன்னொரு குரல் இருந்திருக்கணும். இல்ல. இருபத்திரண்டு வருஷமா இல்ல. அதை நான் சரின்னு பாஸ் பண்ணியிருக்கேன். காலித் தராசு." அதற்குமேல் காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "குறை சோதிச்சவன்கிட்ட. எழுதிக்கோங்க."

உட்கார்ந்துவிட்டார். மனைவி பாட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்; அவரைப் பார்க்கவில்லை. போதகர் எழுந்து, இதுவும் ஒரு ஆசீர்வாதம்தான் என்றார். எது ஆசீர்வாதம் என்று அவரும் விளக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ரிப்பீட்டு மட்டும், "அப்போ சட்டப்படி அடுத்த வாரத்துலேர்ந்து..." என்று இழுத்தார்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் தெகேல்.

அடுத்த ஞாயிறு. மாதத்தின் கடைசி ஞாயிறும்கூட. வெள்ளிக்கிழமையோடு அவள் மெஷின்களுக்கு விடைகொடுத்துவிட்டு வந்திருந்தாள். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். தெகேல் எழுந்து வாயை இறுக மூடிக்கொண்டார். உதடு அசைக்கலாம் என்று சட்டம் சொல்லியும் அசைக்கவில்லை. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. அந்தத் தகரக் குரல் இல்லாமல் முதல் சரணம் ஆலயத்துக்குள் நொண்டியது. இத்தனை வருடம் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே அதன்மேல் சாய்ந்து பாடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ரிப்பீட்டு கண்ணை மூடுவதற்குப் பதில் திறந்து பார்த்தார்.

இரண்டாம் சரணம். தெகேலுக்குப் பக்கத்தில் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போனது. அது வெளியே வந்தபோது குரலோடு வந்தது. அரைத் தாளம் தாமதமாக, வேலி தாண்டி, கணீரென்று. முன்வரிசையில் நாலைந்து பேர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பாடினாள். மைக்குப் பக்கத்தில் நின்ற செக்செக் எதையோ சரிசெய்வது மாதிரி குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் தெகேல் கண்ணீர் விட்டார், மனம் திரும்பினார், நோட்டைக் கிழித்தார் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். அவர் நோட்டைத் திறந்தார். வலது மூன்று என்ற இடத்தில், 'முள் அசைகிறது' என்று எழுதினார். பிறகு, பழக்கதோஷம், அதற்குக் கீழே 'அரைத் தாளம் தாமதம்' என்றும் எழுதினார். எழுதினபின் உறைத்திருக்க வேண்டும், அவசரமாக அடித்தார்.

பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்துவிட்டாள். மூன்றாம் சரணத்தை முழுத் தாளம் தாமதமாக ஆரம்பித்தாள்.